தாவணிக் கயிறு

மதுரையில் மாட்டுத்தாவணி என்று கண்டக்டர் கூவும்போது, அந்தத் தாவணி எந்தத் தாவணி என்று யாரும் யோசிப்பதில்லை. பெண்கள் உடுத்துவதல்ல அது. மாடுகளை வரிசையாகப் பிணைத்து நிறுத்தும் நீண்ட கயிற்றுக்குத் தாவணி என்று பெயர். அந்தக் கயிறு கட்டிய இடமும் தாவணி. அங்கே கூடிய சந்தையும் தாவணி. இன்று மாடுகள் போய்ப் பேருந்துகள் வந்துவிட்டன, கயிறு பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றோடொன்று சேர்த்துப் பேசப்படாத இரண்டு இடங்களுக்குப் போய் வரலாம்.

முதல் இடம் ஷேர் ஆட்டோ தூரத்தில் இருக்கிறது: மேலமடையில் உள்ள பாண்டி முனீஸ்வரர் கோயில், ஊர் வழக்கில் பாண்டிகோயில். இரண்டாவது இடம் கடல் கடந்து, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறை. முதல் இடத்தில் கொட்டுச் சத்தத்தில் சாமி வருகிறது. இரண்டாவது இடத்தில் காளானில் உள்ள சைலோசைபின் என்ற வேதிப்பொருளை மாத்திரையாகக் கொடுத்து, மனச்சோர்வையும் மரண பயத்தையும் தணிக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். இரண்டும் மனிதரை அவருடைய அன்றாட நினைவிலிருந்து சற்று நேரம் அவிழ்த்துவிடுகின்றன. இரண்டும் அதைக் குணமாகும் வழி என்று நம்புகின்றன. இந்த ஒற்றுமை கண்ணுக்குத் தெரிவது. நாம் தேடுவது அதற்கு அடியில் கிடக்கும் உறவை.

ஆடுபவரும் கிடப்பவரும்

பாண்டிகோயிலில் கொட்டு ஏற ஏற ஒரு பெண்ணின் தோள் குலுங்கும். கொண்டை அவிழும். “சாமி வந்திருச்சு” என்று சுற்றி நிற்பவர்கள் விலகி வட்டம் விடுவார்கள். குலவை எழும். யாரோ ஒருத்தி ஓடிவந்து பின்னாலிருந்து அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வாள்.

பால்டிமோர் அறையில் ஒருவர் சோபாவில் படுத்திருப்பார். கண்ணில் கறுப்புப் பட்டை, காதில் ஹெட்போன், மங்கிய விளக்கு. மாத்திரையை விழுங்கி அரை மணி, ஒரு மணி நேரத்தில் அவருடைய உலகம் கலையத் தொடங்கும். ஐந்தாறு மணி நேரம் அப்படியே கிடப்பார். அருகில் இரண்டு துணையாளர்கள் பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர் கை நீட்டினால் பற்றிக்கொள்வார்கள்.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையிலான வேறுபாட்டை, பட்டியல் போட்டதுபோல முன்பே எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு. பிரெஞ்சு இசையியலாளர் கில்பர் ரூஜே, இசைக்கும் மயக்க நிலைக்கும் உள்ள உறவைப் பற்றி 1980-இல் வெளியிட்ட நூலில், நினைவு மாறும் நிலைகளை இரண்டு வரிசைகளாகப் பிரித்தார். ஒரு வரிசையில் அசைவு, இரைச்சல், கூட்டம், புலன்களுக்கு மிகையான தூண்டல், பின்னர் மறதி. மற்ற வரிசையில் அசைவின்மை, அமைதி, தனிமை, புலன் ஒடுக்கம், காட்சிகள், பின்னர் நினைவு. மேலமடைப் பெண் முதல் வரிசையில் அப்படியே பொருந்துகிறாள். பால்டிமோர்க்காரர் இரண்டாவதில் ஏறக்குறைய பொருந்துகிறார். ஏறக்குறைய என்பதற்குக் காரணம், அவருடைய காதில் இருக்கும் ஹெட்போன். அமைதி இருக்க வேண்டிய கட்டத்தில் இசை வந்து உட்கார்ந்திருக்கிறது. இதற்குத் திரும்பி வருவோம்.

அதற்கு முன் கருவறையைப் பார்த்துவிடலாம். ஆடும் பெண்ணுக்கு எதிரே இருக்கும் பாண்டி முனி ஆடவில்லை. காலை மடித்து, சம்மணமிட்டு, தியானத்தில் அமர்ந்திருக்கிறார். சமணத் தீர்த்தங்கரரோ புத்தரோ காலப்போக்கில் மீசை வைத்து முனியாக மாறியிருக்கலாம் என்று எண்ணவைக்கும் கோலம் அது. வெட்டும் கிடாயும் சாராயமும் பக்கத்தில் நிற்கும் சமயக் கருப்பருக்கு. முனிக்குப் படைப்பது சைவம். ஆக ரூஜேயின் இரண்டு வரிசைகளும் பாண்டிகோயிலுக்குள்ளேயே எதிரெதிராக இருக்கின்றன. சாமி அசையாமல் இருக்க, ஆள் ஆடுகிறார்.

பால்டிமோர் அறையிலோ ஆள் அசையாமல் கிடக்கிறார். அந்த அறையின் அலமாரியிலும் ஒரு புத்தர் சிலை இருந்தது. சிகிச்சை அறையில் மத அடையாளம் வைப்பது நோயாளியின் மனத்தை ஒரு பக்கமாகச் சாய்க்கும் என்று, அங்கேயே பணியாற்றிய ஆய்வாளர் மேத்யூ ஜான்சன் 2021-இல் எழுதிய கட்டுரையில் எச்சரித்தார். வேதியியலை நம்பிப் புறப்பட்டவர்களும், காலை மடித்து அமர்ந்த ஓர் உருவத்தின் முன்னால்தான் மனிதரைக் கிடத்தினார்கள் என்பதை மேலமடைக்காரர் கேட்டால் வியப்படையமாட்டார்.

கொட்டும் பாட்டும்

சாமியை வரவழைப்பது கொட்டு. கருப்பனுக்கு ஓர் அடி, அம்மனுக்கு ஓர் அடி என்று பிரித்து வாசிக்கத் தெரிந்தவர்களே நல்ல கொட்டுக்காரர்கள். உறுமியை இழுக்கும் கலைஞர் தன் கருவியைப் பார்ப்பதில்லை. ஆடுபவரின் காலைப் பார்க்கிறார். கால் தயங்கினால் அடியை நெருக்குகிறார். கண் செருகினால் சற்றுத் தளர்த்துகிறார். அவர் வாசிப்பவர் மட்டுமல்ல, மருந்தின் அளவைக் கணத்துக்குக் கணம் கூட்டிக் குறைப்பவர்.

பால்டிமோரில் அளவு காலையிலேயே முடிவாகிவிடுகிறது. விழுங்கிய மாத்திரையைத் திரும்ப எடுக்க முடியாது. எனவே கூட்டிக் குறைக்கும் வேலை இசையிடம் போய்ச் சேர்கிறது. அங்கே நெடுங்காலம் இந்தப் பயணங்களுக்குத் துணையிருந்த உளவியலாளர் பில் ரிச்சர்ட்ஸ் தொகுத்த இசை வரிசை, மருந்து ஏறும் நேரம், உச்சத்தில் நிற்கும் நேரம், இறங்கும் நேரம் என்று பார்த்துப் பார்த்து அடுக்கப்பட்டது. உச்சத்தில் பாகும் பிராம்ஸும். இறுதியில், கண்பட்டையைக் கழற்றும் வேளையில், லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இதமான குரல். ஐரோப்பியச் செவ்விசைதான் வேண்டுமா என்று பத்துப் பேரை மட்டும் கொண்டு ஒரு சிறு ஆய்வும் நடந்தது. கிண்ணங்களும் மணிகளும் முழங்கும் வேறு வகை இசையும் அதே வேலையைச் செய்தது.

ரூஜேயின் பட்டியலில் பொருந்தாமல் நின்ற ஹெட்போன் இப்போது தன் காரணத்தைச் சொல்லிவிட்டது. வேதிப்பொருள் கதவைத் திறக்கும். எந்தத் திசையில் நடப்பது என்று அதற்குத் தெரியாது. மேலமடையில் கொட்டே கதவு, கொட்டே வழி. பால்டிமோரில் கதவு ஒன்று, வழி வேறொன்று. ஆனால் வழிகாட்டும் பொறுப்பு இரண்டு இடத்திலும் ஓசையிடமே இருக்கிறது.

முன்னேற்பாட்டிலும் இந்த இணைகோடு நீள்கிறது. திருவிழாவுக்குச் சாமியாடப்போகிறவர் காப்புக் கட்டி, விரதமிருந்து, வீட்டில் தனித்துப் படுக்கிறார். ஆய்வில் சேர்பவர் மாத்திரைக்கு முன் துணையாளர்களோடு பல மணி நேரம் உட்கார்ந்து தன் வாழ்க்கைக் கதையைச் சொல்கிறார். இங்கே உடல் தயாராகிறது. அங்கே கதை தயாராகிறது. எல்லாரையும் ஏற்பதில்லை என்பதிலும் இரண்டும் ஒன்றுபடுகின்றன. தமக்கோ நெருங்கிய உறவினருக்கோ மனச்சிதைவு நோய் இருந்தால் ஆய்வில் இடமில்லை. புதிதாக ஒருவர் மேல் சாமி இறங்கினால் ஊர் உடனே காலில் விழுந்துவிடாது. பெயரைக் கேட்கும், மறைத்துவைத்த பொருளைக் கண்டுபிடிக்கச் சொல்லும், “வந்தது சாமிதானா” என்று சோதிக்கும்.

“யாரு நீ?”

நான் இந்த ஒப்பீட்டைத் தொடங்கியபோது எதிர்பாராத இடம் இது.

மதுரைப் பக்கத்துக் கோடாங்கி, பேய் பிடித்ததாகக் கருதப்படும் ஒருவரை எதிரில் உட்காரவைத்து உடுக்கை அடிப்பார். உடல் ஆடத் தொடங்கியதும் அவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. “யாரு நீ? எந்த ஊரு? எதுக்கு இந்தப் புள்ளையப் புடிச்ச? உனக்கு என்ன வேணும்?” விரட்டுவதற்கு முன் விசாரணை. பெயர் சொல்லாத பேயைக் கோடாங்கியால் ஒன்றும் செய்ய முடியாது.

பால்டிமோரில் மாத்திரைக்கு முன் தரப்படும் அறிவுரையிலும் ஒரு விசாரணை உண்டு. கோரமான உருவம் ஏதாவது உள்ளே தோன்றினால் திரும்பி ஓடாதே. அதன் கண்ணைப் பார்த்து அதை நோக்கிப் போ. என் மனத்தில் நீ என்ன செய்கிறாய், உன்னிடமிருந்து நான் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அதனிடமே கேள். பல ஆண்டுகள் பலரைப் பக்கத்தில் இருந்து கவனித்து ரிச்சர்ட்ஸ் வந்து சேர்ந்த வழிமுறை இது. அவர் வந்து சேர்ந்த இடத்தில் உசிலம்பட்டிப் பக்கத்துக் கோடாங்கி ஏற்கெனவே உடுக்கையோடு உட்கார்ந்திருக்கிறார்.

கேள்வி ஒன்றாயினும் பதிலை வைத்துக்கொண்டு செய்யும் காரியத்தில் இரண்டும் பிரிகின்றன. கோடாங்கி பேரம் பேசுகிறார். கேட்டதைக் கொடுத்து, போகிறேன் என்று சத்தியம் வாங்கி, உச்சிமுடியில் ஒரு கற்றையை எடுத்துப் புளியமரத்தில் ஆணியடித்து, துன்பத்தை ஆளுக்கு வெளியே கட்டிவிடுகிறார். பால்டிமோர்க்காரர் தன்னை நோக்கி வந்த உருவத்தை நெருங்கும்போது அது இறந்துபோன தந்தையாகவோ, உடலில் பரவும் புற்றுநோயாகவோ, தன்னுடைய வெட்கமாகவோ மாறலாம். அதை அவர் வெளியே அனுப்புவதில்லை, தன்னுடையது என்று ஒப்புக்கொள்கிறார். ஒன்று வேரோடு பிடுங்கி மரத்தில் அறைகிறது. மற்றது செரித்துக்கொள்கிறது.

எது மேல்? முதலாவதில் பாதிக்கப்பட்டவள் குற்றமற்றவள். துன்பம் எங்கிருந்தோ வந்து தொற்றியது. புகுந்த வீட்டில் புதிதாக வந்து வாயைத் திறக்க முடியாமல் நிற்கும் மருமகளுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் மாமியாரின் சொல்லோ கணவனின் அடியோ நோய்க்குக் காரணமாயிருந்தால், புளியமரத்து ஆணி அவர்களையும் சேர்த்து விடுவித்துவிடும். இரண்டாவதில் பாதிக்கப்பட்டவர் தன் துன்பத்தின் சொந்தக்காரர் ஆகிறார். அது கௌரவம்தான், ஆனால் சுமை முழுவதும் ஒற்றைத் தோளில். ஒன்றில் உறவு தப்பித்துக்கொள்கிறது. மற்றதில் உறவு அழைக்கப்படுவதே இல்லை.

மருந்து யார் வாய்க்கு?

ஒப்பீட்டில் ஒரு முரண் இன்னும் தீராமல் இருக்கிறது. குறி கேட்கப் போகும்போது நோய் நம்முடையது, மயக்கம் கோடாங்கியுடையது. அவர் மேல் இறங்கும் சாமி நம் நோய்க்குக் காரணம் சொல்கிறது. பால்டிமோரிலோ வைத்தியர் தெளிவாக இருக்கிறார், நோயாளிதான் மயங்குகிறார். இதை வைத்து இரண்டும் வேறு வேறு மரபு என்று முடித்துவிடத் தோன்றும்.

ஆனால் அந்த மாத்திரையின் பாட்டி வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கதை மாறுகிறது. மெக்சிகோ நாட்டின் ஓகாகா மலைப்பகுதியில் வாவுத்லா என்ற ஊர். அங்கே மசாதெக் இனத்தைச் சேர்ந்த மரியா சபீனா என்ற பெண், இரவு முழுதும் பாடிக் காளான் சடங்கு நடத்துபவர். 1955-இல் அமெரிக்க வங்கியாளர் கார்டன் வாசன் அந்தச் சடங்கில் கலந்துகொண்டார். 1957-இல் அவர் ‘லைஃப்’ இதழில் எழுதியதும் உலகம் வாவுத்லாவைத் தேடிப் புறப்பட்டது. அடுத்த ஆண்டே சுவிட்சர்லாந்தின் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். வாவுத்லாவில் காளானை உண்டு, பாடி, நோயின் காரணத்தைக் கண்டு சொன்னவர் மரியா சபீனா. வெறுமனே அனுபவத்துக்காக அங்கே யாரும் வருவதில்லை. ஒரு கேள்வியோடு வர வேண்டும். வாசன்கூட ஊரில் இருக்கும் தன் மகன் எப்படியிருக்கிறான் என்ற கவலையைக் காரணம் சொல்லித்தான் உள்ளே நுழைந்தார். வெற்றிலை பாக்கில் தட்சணை வைத்து, “பிள்ளை சேதி தெரியல சாமி” என்று கோடாங்கி முன் உட்காரும் யாரையும் இந்தக் காட்சியில் மாற்றி வைத்துப் பார்க்கலாம்.

ஆக, பால்டிமோரின் மூதாதை மேலமடைக்கு நெருங்கிய உறவு. வாவுத்லாவிலிருந்து பால்டிமோர் போகும் வழியில்தான் மயக்கம் வைத்தியரிடமிருந்து நோயாளிக்குக் கைமாறியது. அந்த வழியில் 1962-ஆம் ஆண்டுப் புனித வெள்ளியும் ஒரு நிறுத்தம். பாஸ்டன் பல்கலைக்கழகத்து மார்ஷ் சிற்றாலயத்தின் கீழ்த்தளத்தில் வால்டர் பான்கே 20 இறையியல் மாணவர்களைக் கூட்டி, பாதிப் பேருக்குச் சைலோசைபினும் மீதிப் பேருக்கு நிகோட்டினிக் அமிலமும் கொடுத்தார். மேலே வழிபாடு நடக்க, கீழே மருந்து வேலை செய்தது. சைலோசைபின் பெற்றவர்களில் பெரும்பாலோர் ஆழ்ந்த இறையனுபவம் என்று சொல்லத்தக்கதை விவரித்தார்கள். அந்த நாளில் கேள்வி “என் நோய் என்ன” என்பதிலிருந்து “நான் கண்டது என்ன” என்பதாக மாறிவிட்டது. வாசனுக்கு முன் கடவுளைப் பார்ப்பதற்காக யாரும் காளான் தின்றதில்லை, நோய் தீர்க்கவே தின்றார்கள் என்று மரியா சபீனா பின்னாளில் வருந்தினார். கூட்டம் கூடியதில் அவருடைய வீடு எரிக்கப்பட்டது. காளான் தன் வலிமையை இழந்துவிட்டது என்றும் அவர் சொன்னார்.

மறதி யாருக்கு, நினைவு யாருக்கு?

சாமி மலையேறியதும் ஆடியவர் தளர்ந்து உட்காருவார். சூடம் காட்டி, விபூதி பூசி, தண்ணீர் கொடுப்பார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டால், “எனக்கு ஒன்னும் தெரியாதுப்பா” என்பார். சொன்ன வாக்கு சுற்றி நின்றவர்களிடம் இருக்கிறது. அவர் மறக்கிறார், ஊர் நினைவில் வைத்துக்கொள்கிறது.

ஆய்வு அறையில் நேர்மாறு. அன்றிரவே கண்டதையெல்லாம் எழுதச் சொல்கிறார்கள். மறுநாள் உட்கார்ந்து பேசுகிறார்கள். ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் 36 பேர். இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்கினர் அந்த ஒரு நாளைத் தம் வாழ்வின் மிகப் பொருள் பொதிந்த ஐந்து அனுபவங்களுக்குள் வைத்தார்கள். குழந்தை பிறந்த நாளுக்கும் பெற்றோர் இறந்த நாளுக்கும் அருகில் அது இடம்பிடித்தது. இங்கே நினைவே மருந்து. அந்த நினைவு அவரையும் துணையாளர்களையும் தாண்டி வெளியே போகாது.

எதிரெதிராகத் தெரியும் இவ்விரண்டும் ஒரே காவலைச் செய்கின்றன. சாமி வந்தவள் பெரியவர்களைப் பெயர் சொல்லி ஏசலாம், பங்காளிச் சண்டையின் உள்மர்மத்தைப் பந்தலில் போட்டு உடைக்கலாம். மறுநாள் யாரும் அவளிடம் கணக்குக் கேட்க முடியாது. பேசியது அவளல்ல, அவளுக்கு நினைவும் இல்லை. சோபாவில் அழுதவரையும் யாரும் கணக்குக் கேட்க முடியாது. அவர் அழுதது நாலு சுவருக்குள். அங்கே இரகசியம் செய்யும் வேலையை இங்கே மறதி செய்கிறது. பொது இடத்தில் உண்மை பேச வேண்டியவருக்கு மறதிதான் கதவில்லாத அறை.

ஐயமும் எண்ணும்

நம்பாதவர்கள் இன்று முளைத்தவர்கள் அல்ல. சங்கப் பாடல்களில் வேலன் வெறியாடுகிறான். மெலிந்துபோன பெண்ணுக்கு முருகு பிடித்திருக்கிறது என்று கழங்கு பார்த்துச் சொல்கிறான். வாசகருக்குத் தெரியும், அவள் நோய் காதல். நற்றிணையின் 34-ஆம் பாடலில் தோழி ஒரு படி மேலே போகிறாள். காரணம் தெரிந்தும் வேலன் அழைத்தான் என்று வந்து நிற்கும் முருகனையே, கடவுளாக இருந்தாலும் நீ அறிவிலிதான் என்று கடிந்துகொள்கிறாள். வெறியாட்டைப் பாடியதாலேயே வெறிபாடிய காமக்கண்ணியார் என்று ஒரு புலவருக்குப் பெயர் அமைந்த அதே இலக்கியத்தில்தான், அது தவறான நோயறிதல் என்ற கேலியும் சேர்ந்தே வருகிறது.

பால்டிமோர் மரபுக்கும் ஒரு தோழி உண்டு. மருந்து ஆய்வுகளில் யாருக்கு உண்மை மருந்து, யாருக்குப் போலி என்று யாருக்கும் தெரியக்கூடாது. ஆனால் சுவர் நெளிவதைப் பார்ப்பவருக்குத் தனக்குக் கிடைத்தது எது என்று தெரியாமலா போகும்? குணமானது மருந்தாலா எதிர்பார்ப்பாலா என்ற கேள்வி இங்கே அவிழ மறுக்கிறது. இதே இனத்துச் சிக்கல்களோடு வந்த, எம்.டி.எம்.ஏ. என்ற வேறொரு வேதிப்பொருளைக் கொண்ட சிகிச்சைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 ஆகஸ்டில் ஒப்புதல் மறுத்தது. ஆஸ்திரேலியாவோ 2023 ஜூலையிலிருந்தே, அங்கீகரிக்கப்பட்ட மனநல மருத்துவர்கள் குறிப்பிட்ட நோய்களுக்குச் சைலோசைபின், எம்.டி.எம்.ஏ. இரண்டையும் எழுதிக்கொடுக்கலாம் என்று அனுமதித்துவிட்டது.

எண்கள் இரண்டு தரப்பிலும் அடக்கமானவை. மற்ற மருந்துகளுக்குப் படியாத மனச்சோர்வு கொண்ட 233 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், 25 மில்லிகிராம் சைலோசைபின் பெற்றவர்களில் 37 விழுக்காட்டினருக்கு மூன்றாம் வாரத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பன்னிரண்டாம் வாரம் வரை அது நீடித்தவர்கள் ஐந்தில் ஒருவரே.

கோயில் தரப்பில் அதே அளவு கறாரான ஆய்வு இல்லை என்றாலும், ஒன்று கவனிக்கத்தக்கது. பெங்களூரு நிம்ஹான்ஸின் ஆர். ரகுராம் குழுவினர், தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளைக் கவனித்து 2002-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில்’ எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கல். நோய்க்குறி அளவை ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்தது. சில மருந்துகள் தரும் பலனுக்கு நிகரான குறைவு அது. வியப்பு என்னவென்றால், அங்கே கொட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை, சாட்டையும் இல்லை. காலைப் பூசை, வாசல் கூட்டுதல், செடிக்குத் தண்ணீர் ஊற்றுதல், கூடவே தங்கியிருக்கும் ஓர் உறவினர். அவ்வளவே.

இங்கேதான் நம் ஒப்பீட்டின் தராசு லேசாகச் சாய்கிறது. சாய்வது மேலமடைப் பக்கமோ பால்டிமோர்ப் பக்கமோ அல்ல. அவிழ்த்துவிடும் பொருள் எது, கொட்டா காளானா என்பதை நாம் இவ்வளவு நேரம் ஆர்வத்தோடு பார்த்தோம். அவிழ்ப்பது எதுவுமே இல்லாமல், பிடித்திருப்பது மட்டும் இருந்த ஓரிடத்திலும் ஒரு பங்கு குணம் கிடைத்திருக்கிறது என்றால், நாம் கயிற்றின் பக்கம் திரும்பியாக வேண்டும்.

அறுந்த கயிறும் இறுகிய கயிறும்

கயிறு அறுந்த இடத்துக்கு மதுரையிலிருந்து மேற்கே போகும் பேருந்து ஏறலாம். கொடைக்கானல் மேல்மலையில் மழைக்காலத்தில் முளைக்கும் காளானைத் தேடி இளைஞர்கள் வருகிறார்கள். விற்றவர்களும் வாங்கியவர்களும் கைதாவது செய்தியாகிறது. காளானில் உள்ளது அதே சைலோசைபின்தான். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. ஆனால் சட்டத்துக்கு முன்பே, வேறொன்று அங்கே இல்லை: விசாரிக்கும் கோடாங்கி இல்லை, கை கொடுக்கும் துணையாளர் இல்லை, மலையேற்றிவிட யாருக்கும் தெரியாது. விடுதி அறையில், ஏற்கெனவே நடுங்கும் மனத்தோடு ஒருவன் அதைத் தின்றால், எதிரே வரும் உருவத்திடம் யார் நீ என்று கேட்க அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கயிறு இறுகிய இடத்துக்குக் கிழக்கே இராமநாதபுரம் பக்கம் போக வேண்டும். ஏர்வாடி தர்காவின் அருளை நம்பி வந்தவர்களைச் சுற்றி முளைத்த காப்பகங்களில் ஒன்றில், 2001 ஆகஸ்ட் 6 விடியலில் தீப்பற்றியது. சங்கிலியில் கட்டியிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். தர்காவின் மரபு கேட்பது நம்பிக்கையையும் காத்திருப்பையும். காப்பகம் அந்தக் காத்திருப்பைச் சங்கிலியாக்கியது. அவிழ்ப்பது எதுவும் அங்கே மிஞ்சவில்லை, கட்டு மட்டுமே. மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

இந்த இரண்டு தீமைகளும் நம் இரு தரப்பின் வெளியே மட்டும் இருக்கின்றன என்று ஆறுதல்படவும் முடியாது. பேய் ஓட்டும் சாட்டை எந்த நொடியில் வெறும் அடியாகிறது என்பதை, அடிப்பவரே தீர்மானிக்கும் இடங்கள் உண்டு. மயக்கத்தில் இருந்தவரிடம் சிகிச்சையாளரே எல்லை மீறிய நிகழ்வு கனடாவில் நடந்த எம்.டி.எம்.ஏ. ஆய்வில் வெளிவந்தது. தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலைக்கு ஒருவரை அழைத்துப்போகும் எந்த முறையிலும், பிடித்திருக்கும் கை யாருடையது என்பதே முதல் கேள்வி. கோயிலில் அந்தக் கையை நூறு பேர் பார்க்கிறார்கள். அறையில் அதைப் பார்க்க இரண்டாவது துணையாளர் இருக்க வேண்டும். பொது வெளி தரும் காவலை அறை விதியால் ஈடுகட்டப் பார்க்கிறது.

கயிறே இல்லாமல் போனவர்கள் இல்லையா என்று வாசகர் கேட்கலாம். மதுரை அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. 1896 ஜூலையில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு மாடி அறையில், 16 வயது வேங்கடராமனை மரண பயம் பற்றியது. கொட்டில்லை, காளானில்லை, துணையில்லை. பிணம்போல் விறைத்துக் கிடந்து, சாவது எது என்று தனக்குள் பார்த்தார். கோடாங்கி “யாரு நீ” என்று கேட்பதை, பால்டிமோர் உன் மனத்து உருவத்திடம் கேட்கச் சொல்வதை, அவர் தன் பக்கம் திருப்பி “நான் யார்” என்றாக்கினார். ஆனால் அவர் ஆறு வாரத்தில் வீட்டை விட்டுப் போய்விட்டார். ரமணராகத் திருவண்ணாமலையை விட்டுத் திரும்பவில்லை. மேலமடைக்கும் பால்டிமோருக்கும் வருபவர்கள் அப்படிப் போக வந்தவர்கள் அல்லர். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

அதனால்தான் இரு மரபுகளும் போவதற்கு ஒரு பங்கு கவனமும் திரும்புவதற்கு இரண்டு பங்கு கவனமும் செலவிடுகின்றன. ஆய்வு அறையில் மாலை ஆனதும், நன்றாகத் தெளிந்துவிட்டேன் என்று எவ்வளவு சொன்னாலும், தனியே போக விடுவதில்லை. உறவினரோ நண்பரோ வந்து அழைத்துப்போக வேண்டும் என்பது விதி. பாண்டிகோயில் வாசலில் அப்படி விதி எதுவும் எழுதிப் போடவில்லை. இடுப்பைப் பிடித்திருந்தவளே அவள் முடியை அள்ளி முடிந்து, நெற்றி விபூதியைச் சேலைத் தலைப்பால் ஒற்றி, ஷேர் ஆட்டோவில் உள்பக்கமாக உட்காரவைத்துத் தான் விளிம்பில் உட்காருகிறாள்.

“எங்கம்மா?” என்கிறார் ஆட்டோக்காரர்.

“மாட்டுத்தாவணி. ரெண்டு பேரு.”